வாசல் கதவுக்கு ஸ்மார்ட் லாக்

நேயர்களுக்கு வணக்கம்.

கதவுச் சாமான்கள் விற்கும் கடை என்னுடையது. "வாசல் கதவுக்கு ஸ்மார்ட் லாக் போடலாமா, எது நல்லது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டுச் சாவி இப்போது யார் யாரிடம் இருக்கிறது? உடனே பதில் வராது. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, காலேஜ் போகும் பெண்ணிடம் ஒன்று, பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம் ஒன்று, எதிர் வீட்டில் ஒன்று. பெயின்ட் அடிக்க வந்தவரிடம் கொடுத்த சாவி திரும்பி வந்ததா என்பதில் மட்டும் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதம் நடக்கிற வீட்டுக்கு ஸ்மார்ட் லாக், அதாவது விரல் ரேகை, எண், கார்டு, போன் என்று சாவி இல்லாமலும் திறக்கிற பூட்டு, உண்மையிலேயே உதவும். எப்போதும் ஒருவர் வீட்டில் இருக்கிற, சாவி இரண்டே பேரிடம் இருக்கிற குடும்பத்துக்கு அது பெரும்பாலும் அலங்காரம்தான். கடைக்காரன் இப்படிச் சொல்லலாமா என்றால், விற்ற பிறகு வருகிற போன்களையும் நான்தானே எடுக்க வேண்டும்!

எந்தக் கம்பெனிப் பூட்டை வாங்கலாம் என்று இந்த உரையில் சொல்லப்போவதில்லை. உங்கள் கதவையும் உங்கள் வீட்டு மனிதர்களையும் பார்த்துவிட்டால் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும்.

முதலில் கதவு. ஸ்மார்ட் லாக் போட்டதால் கதவு பலமாகிவிடாது. கதவுக்குள் குடைந்து செருகுகிற மார்ட்டிஸ் பூட்டுப் பெட்டி, அதிலிருந்து நீளும் நாக்கு, அந்த நாக்கு போய் உட்காருகிற நிலை, இவைதான் கடப்பாரையைத் தாங்குகிறவை. நிலையில் நாக்கு நுழையும் இடத்தில் ஒரு தகடு இருக்கும். அதை அரை அங்குல ஸ்க்ரூவில் ஆட்டம் கொடுக்கிற மாதிரி அடித்துவிட்டு, மேலே முப்பதாயிரம் ரூபாய்க்குப் பூட்டு மாட்டியிருக்கும் வீடுகள் நிறைய உண்டு. நீள ஸ்க்ரூ போட்டு, தகட்டை நிலை மரத்தில் ஆழமாகப் பிடிக்க வைக்க ஐம்பது ரூபாய்கூட ஆகாது. ஆசாரியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அளவு. கதவு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று தெரியாமல் ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். பல மாடல்கள் ஏறத்தாழ 35 மி.மீ. முதல் 60 மி.மீ. வரை உள்ள கதவுகளுக்குத்தான் சரிப்படும். பழைய தேக்குக் கதவு சில அதைத் தாண்டும். பெட்டியின் மேல் 6068 என்று ஒரு எண் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடி நடு வரை 60 மி.மீ., கைப்பிடி நடுவிலிருந்து சாவித் துளை நடு வரை 68 மி.மீ. என்று அர்த்தம். ஏற்கெனவே உள்ள பூட்டின் அளவும் அதுவானால் பழைய குழியிலேயே உட்கார வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் புதிதாகக் குடைய வேண்டும். நம் ஊர் வாசல் கதவுகளில் இன்னொரு சிக்கல், அழகுக்காகச் செதுக்கிய பூவும் பித்தளைக் குமிழும். ஸ்மார்ட் லாக்கின் முகப்புப் பட்டை படிய, கதவின் ஓரச் சட்டத்தில் மேடுபள்ளம் இல்லாத இடம் வேண்டும். பூட்டை வாங்கி வந்து வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு பூவை மட்டும் இழைத்துவிடலாமா?" என்று ஆசாரி கேட்கும்போது வீட்டம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

அளவைவிட முக்கியமானது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு ஊதிக்கொள்ளும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? தோளால் ஒரு இடி இடித்து, கைப்பிடியை லேசாகத் தூக்கி, சாவியைத் திருப்புகிறோம். பல வருஷப் பழக்கத்தில் கை அதைத் தானாகவே செய்துவிடும். மோட்டாருக்கு அந்தக் கைப்பழக்கம் கிடையாது. நாக்கு நிலையில் உரசினால் அது திணறும், கீ கீ என்று கத்தும், பேட்டரியைத் தின்னும்.

இங்கேதான் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சில பூட்டுகளில் விரல் வைத்ததும் மோட்டாரே நாக்கை முழுவதும் உள்ளே இழுத்துவிடும். இவற்றை முழு ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். சிலவற்றில் மோட்டாரின் வேலை கைப்பிடியை உள்ளே இருக்கும் பூட்டோடு இணைப்பது மட்டும்தான். நாக்கை இழுப்பது கைப்பிடியை அழுத்தும் உங்கள் கை. பார்க்க முதல் வகைதான் பிரமாதமாக இருக்கும், விலையும் கூடுதல். மழையில் ஊதுகிற மரக்கதவுக்கு நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். மோட்டாருக்குப் பாரம் குறைவு, பேட்டரியும் நீடிக்கும். எது வாங்கினாலும் முதலில் கதவை இழைத்து, கீலை இறுக்கி, விரலால் தள்ளினாலே மூடும்படி செய்துகொள்ளுங்கள்.

"கரண்ட் போனால் கதவு திறக்குமா?" கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இந்தப் பூட்டுகள் வீட்டு மின்சாரத்தில் ஓடுவதில்லை. பேட்டரியில் ஓடுகின்றன, அதனால் கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரி தீரப்போகிறது என்று பல நாள் முன்பே சத்தம் போட்டு எச்சரிக்கும். அதையும் மீறித் தீர்ந்துபோனால், வெளிப்பக்கம் அடியில் ஒரு டைப்-சி துளையோ 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடிக்க இரண்டு முனைகளோ இருக்கும். பவர் பேங்க்கைச் செருகினால் பூட்டு விழித்துக்கொள்ளும், அப்புறம் விரலோ எண்ணோ கொடுத்துத் திறக்கலாம். இந்த வசதி இல்லாத பூட்டை வாங்கவே வேண்டாம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரியை இதில் போடாதீர்கள். ஆல்கலைன் என்று எழுதியிருப்பதைப் போடுங்கள், பழையதும் புதியதும் கலக்காமல்.

எல்லாம் கைவிட்டால் சாவி. ஸ்மார்ட் லாக்கோடு இரண்டு சாவி தருவார்கள். அதை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? பத்திரமாக, வீட்டுக்குள், பீரோவில்! கதவு திறக்காத அன்று பீரோவில் இருக்கும் சாவியால் என்ன பயன்? ஒன்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டிலோ அலுவலக மேசையிலோ வையுங்கள். சாவித் துளையே இல்லாத மாடல்களும் வருகின்றன. "துளை இல்லை, அதனால் கள்ளச்சாவியும் இல்லை" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு, ஆனாலும் எனக்குச் சாவி வேண்டும். காரணம் 2017-ல் அமெரிக்காவில் நடந்தது. லாக்ஸ்டேட் என்ற நிறுவனம் ஒரு மாடலுக்கு உரிய மென்பொருளைத் தவறுதலாக வேறொரு மாடலுக்கு இணையம் வழியே அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் செத்துவிட்டன. அவற்றில் பல, விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளில் இருந்தவை. எண் அமுக்கினால் வேலை செய்யவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் மட்டும் திறந்து உள்ளே போனார்கள்.

இனி மனிதர்கள். விரல் ரேகையைத்தான் எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், சில பெரியவர்களுக்குக் கைரேகை விழவே விழாது. வயதானால் தோல் வறண்டு வரிகள் மங்கும். கொத்தனாருக்கும், தினமும் சோப்பில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் தேயும். ஈரக்கையும் மாவுக்கையும் வேறு. ஆகவே கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ அதே மாடலில் பாட்டியின் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்கு விழாதோ அவரை வைத்துத்தான் பூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலாவது பதிவு செய்யுங்கள், ஒரே விரலைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு தடவையும் பதியலாம். தாத்தாவுக்கு ரேகையும் வேண்டாம், எண்ணும் நினைவில் நிற்காது என்றால் கார்டு இருக்கிறது, காட்டினால் திறக்கும்.

எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்மார்ட் லாக்கின் முழுப் பலனும் அதில்தான். வீட்டுக்கே ஒரு எண் வைத்து, அதையே பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டால், அது மிதியடிக்குக் கீழே சாவியை வைத்த கதைதான். ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். வேலைக்கு வருபவருக்குக் காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் செல்லுபடியாகும் எண் கொடுக்கலாம். ஏசி ரிப்பேர் பார்க்க வருபவருக்கு ஒரே ஒரு தடவை திறக்கும் எண். வேலையை விட்டுப் போனவரின் எண்ணை அன்றே அழித்துவிடலாம், யாரிடமும் சாவியைத் திருப்பிக் கேட்டு மனக்கசப்பு ஆக வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது எண் அமுக்க நேர்ந்தால், முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்து அமுக்கினாலும் நடுவில் சரியான எண் இருந்தால் திறக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

யார் எப்போது வந்தார், போனார் என்ற பட்டியல் உங்கள் போனில் ஏறும். இது வசதி, அதே நேரம் வேவும்கூட. வீட்டு வேலைக்கு வருபவரிடம் "இதில் நேரம் பதிவாகும் அக்கா" என்று முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை. காலேஜ் பெண்ணுக்கும் அதே மரியாதை உண்டு. நியூயார்க்கில் ஒரு குடியிருப்பில் வாசலுக்கு ஸ்மார்ட் லாக் போட்டபோது, செயலி வழியாகத்தான் வரவேண்டுமா, நாங்கள் வந்து போவதை வீட்டுக்காரர் ஏன் பார்க்க வேண்டும் என்று குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் சமரசம் ஆனது. பழைய மாதிரிச் சாவி கொடுக்க வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார்.

இணையம் வேண்டுமா? பிள்ளைகள் வெளியூரில் இருந்து கதவைத் திறந்துவிட வேண்டும் என்றால் வைஃபை தேவை. பூட்டிலேயே வைஃபை இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் சில கம்பெனிகள் சுவர் பிளக்கில் செருகும், பூட்டை வைஃபையோடு இணைத்துவைக்கும் கேட்வே என்ற சின்னக் கருவியைத் தனியாகத் தருகின்றன. வெளியூர்த் தேவை இல்லாத வீட்டுக்கு ப்ளூடூத் போதும். எதுவானாலும், இணையம் அறுந்தாலும் விரலும் எண்ணும் வேலை செய்கிறதா என்று கடையிலேயே வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். ப்ளூடூத் என்றதும் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். 2016-ல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் 16 ப்ளூடூத் பூட்டுகளைச் சோதித்ததைச் சொன்னார்கள். அவற்றில் 12-ஐத் திறக்க முடிந்தது. சில பூட்டுகள் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. இன்றைய பூட்டுகள் பலவும் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் பெயர் தெரியாத மலிவுப் பூட்டை, மென்பொருளைத் திருத்தித் தர ஆளே இல்லாத பூட்டை, வாசலில் மாட்டாதீர்கள். நம் ஊரில் சர்வீஸுக்கு ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள். ஏழெட்டாயிரத்தில் தொடங்கி நாற்பதாயிரத்தைத் தாண்டியும் விலை போகிறது. நடுவில் இருப்பதே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். முகம் பார்த்துத் திறப்பது, பாட்டுப் பாடுவது எல்லாம் உங்கள் ஆசையைப் பொறுத்தது.

கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று. மகன் வெளிநாட்டில், அம்மா இங்கே தனியாக. அவசரத்துக்கு எதிர் வீட்டார் உள்ளே போகட்டும் என்று மகன் ஸ்மார்ட் லாக் வாங்கிக் கொடுக்கிறார். ராத்திரி ஆனதும் அம்மா என்ன செய்வார்? மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள் போடுவார். வெளியே கிரில் கேட்டில் ஒரு திண்டுக்கல் பூட்டு. அது 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, லேசில் உடையாது! நள்ளிரவில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால், மகன் அங்கிருந்து பொத்தானை அமுக்குவார், பூட்டும் திறக்கும், கதவு திறக்காது. தாழ்ப்பாள் போடாதே என்று சொன்னால் அம்மா கேட்க மாட்டார், பயம் அவருடையது. பூட்டின் உள்பக்கமே திருகி வைக்கிற தாழ் ஒன்று பல மாடல்களில் இருக்கிறது. அதைப் போட்டாலும் வெளியிலிருந்து சாவியாலோ, மற்ற எண்களைச் சேர்க்கவும் அழிக்கவும் பயன்படுகிற முதன்மை எண்ணாலோ திறக்க முடிகிற மாடலா என்று கேளுங்கள். தாழ்ப்பாளுக்குப் பதில் அம்மாவுக்கு அதைப் பழக்கலாம். கிரில் சாவி ஒன்று எதிர் வீட்டில் இருக்கட்டும்.

இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. தீப்பிடித்தாலோ புகை சூழ்ந்தாலோ உள்ளே இருப்பவர் எண்ணும் விரலும் தேடாமல், கைப்பிடியை ஒரே அழுத்தில் திறந்து வெளியேற முடிய வேண்டும், பேட்டரி செத்திருந்தாலும்கூட. தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முதலில் அணைத்து வையுங்கள். பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்த அம்மா போனில்லாமல் படியில் நிற்பார், குழந்தை உள்ளே அழும். எல்லோருக்கும் எண் மனப்பாடம் ஆன பிறகு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

பொருத்துகிறவர் வேலை முடித்ததும் கதவைச் சாத்திக் காட்டச் சொல்லாதீர்கள். திறந்து வைத்தபடியே விரல், எண், கார்டு, சாவி, பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு நாக்கு உள்ளே போய் வருகிறதா என்று பாருங்கள். கம்பெனி வைத்து அனுப்பிய முதன்மை எண்ணை அவர் போன பிறகு மாற்றுங்கள். கழற்றிய பழைய பூட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள், வாடகை வீடாக இருந்தால் காலி செய்யும்போது அதைத்தான் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.