தெரிந்தும் தெரியாததுபோல்: ஈவ் செட்ஜ்விக் நினைவுரை

அவையோருக்கு வணக்கம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பதற்கான பழமொழி அது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அத்தனை பேர் கண்ணிலும் பூசணிக்காய் பட்டுவிட்டது. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன்? அந்த மௌனத்தால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியை விடாமல் துரத்திய இலக்கியப் பேராசிரியர் ஈவ் கோசாஃப்ஸ்கி செட்ஜ்விக். 1950இல் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் டேட்டனில் பிறந்தார். 2009 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் மறைந்தார். பாலினம், பாலீர்ப்பு பற்றிச் சமூகம் இயல்பு என்று வைத்திருப்பதைக் கேள்வி கேட்கும் குயர் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட சிலரில் ஒருவர்.

1990இல் வெளிவந்த அவருடைய ‘எபிஸ்டமாலஜி ஆஃப் தி க்ளாசெட்’ நூலில் ஒரு வழக்கு வருகிறது. க்ளாசெட் என்றால் துணிமணி வைக்கும் சிற்றறை; தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்வதை ஆங்கிலத்தில் அதற்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். மேரிலாந்து மாநிலத்தில் எட்டாம் வகுப்புக்குப் புவியறிவியல் நடத்திய ஆசிரியர் ஒருவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று 1972இல் தெரியவந்ததும், கல்வி வாரியம் அவரைப் பாடம் நடத்தாத வேலைக்கு மாற்றியது. அவர் தொலைக்காட்சியில் பேசினார், வேலையே போயிற்று. வழக்குத் தொடுத்தார். ஊரறியப் பேசியதுதான் தவறு என்றது கீழ் நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றம், பேசியது அவருடைய உரிமை என்றது. நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். கல்லூரி நாளில் தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பில் பொறுப்பு வகித்ததை வேலைக்கான விண்ணப்பத்தில் அவர் குறிப்பிடவில்லை. ஆகவே வழக்காடவே தகுதியில்லை என்று முடித்தது. ஒரு நீதிமன்றத்துக்கு அவர் சொன்னது குற்றம், இன்னொன்றுக்குச் சொல்லாதது குற்றம். ஒளிந்திருப்பது ஒரு தனிமனிதரின் கோழைத்தனம் அல்ல, சுற்றி நிற்பவர்கள் சேர்ந்து கட்டிய அறை அது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அதே நூலில் விவிலியத்தின் எஸ்தர் கதையை அவர் எடுத்துக்கொள்ளும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தான் யூதப் பெண் என்பதை மறைத்து அரசியாக வாழும் எஸ்தர், தன் மக்களைக் கொல்ல ஆணை பிறந்ததும், “நான் செத்தாலும் சாகிறேன்” என்று அரசனிடம் போகிறாள். உண்மை வெளிவருகிறது, அரசன் மனம் மாறுகிறது, ஒரு இனமே பிழைக்கிறது. தன்னை வெளிப்படுத்தத் துணியும் எவருக்கும் இப்படி ஒரு கனவு இருக்கும். செட்ஜ்விக் அந்தக் கனவைக் கேலி செய்வதில்லை. ஆனால் எங்கே பொருந்தவில்லை என்று நிதானமாக எண்ணிக் காட்டுகிறார். எஸ்தரிடம் யாரும், ‘நீ யூதப் பெண்தானா, உனக்கு நிச்சயமா, வயதுக் கோளாறாக இருக்கப்போகிறது’ என்று கேட்கவில்லை. வழிகாட்ட அவளுக்கு, அவளை வளர்த்த உறவினன் மொர்தெகாய் இருந்தான். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கோ பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே தன்னைப் போன்ற இன்னொருவர் இருப்பதில்லை.

1986இல், தன்பாலுறவைத் தண்டிக்கும் ஜார்ஜியா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் உறுதிசெய்தது. அந்த நேரத்தில் நீதிபதியின் அறைக்குள் ஓர் உதவியாளர் எஸ்தரைப் போல வாய் திறந்திருந்தால் என்று செட்ஜ்விக் கற்பனை செய்கிறார். கற்பனைதான். ஆனால் நூல் வந்த சில ஆண்டுகளில், தீர்ப்பைத் தீர்மானித்த நீதிபதி லூயிஸ் பவலின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. தான் ஒரு தன்பாலீர்ப்பாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்று அவர் தம் உதவியாளரிடமே சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த உதவியாளர் தன்பாலீர்ப்பாளர். அவர் வாய் திறக்கவில்லை. தெரியாமை என்பது வெறும் வெற்றிடம் அல்ல, அதற்கும் அதிகாரம் உண்டு என்று செட்ஜ்விக் எழுதியதன் பொருள் எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது. அந்தத் தீர்ப்பு 2003இல்தான் ரத்தானது.

செட்ஜ்விக் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் எடுத்தாண்ட இலக்கியம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஆண்கள் எழுதியது. அந்த நூல் ஆண்களை மையமாகக் கொண்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய வாக்கியங்களும் லேசானவை அல்ல. மூன்று முறை மூச்சு வாங்காமல் சிலவற்றைக் கடக்க முடியாது.

ஆனால் தம்மையே மறுத்துப் பேசும் துணிவு அவருக்கு இருந்தது. எய்ட்ஸ் பரவிய தொடக்க ஆண்டுகளில், அந்தக் கிருமி திட்டமிட்டு உருவாக்கப்பட்டதா என்று செயல்பாட்டாளர் சிண்டி பேட்டனிடம் கேட்டாராம். பேட்டன் அதில் ஆர்வம் காட்டவில்லை. கறுப்பின மக்களின் உயிரும் தன்பாலீர்ப்பாளர் உயிரும் அரசுக்கு மலிவு என்பது முன்பே தெரியும். சதி உறுதியானால் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது என்றார். அந்தப் பதில் செட்ஜ்விக்கை ஆண்டுக்கணக்கில் உறுத்தியது. சந்தேகித்துத் தோலுரிப்பது மட்டும்தானா வாசிப்பு? தங்களை வெறுக்கும் ஒரு பண்பாட்டிலிருந்தும் பலர் பிழைத்திருப்பதற்கான சத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறார்களே, அதுவும் வாசிப்புத்தானே? சீர்செய்யும் வாசிப்பு என்று அதற்குப் பெயரிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் அதை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நினைவுரை என்றதும் அவர் எழுதிய ஒன்று நினைவுக்கு வருகிறது. நண்பர் மைக்கேல் லிஞ்ச் அணிந்திருந்த வெள்ளைச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி அவரைச் சொக்க வைத்தது. அதேபோல் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டார். எய்ட்ஸ் முற்றிய நண்பருக்காக, சாவுக்கு முன்பே இரங்கல் கட்டுரை எழுத உட்கார்ந்தார். நண்பர் சற்றுத் தேறினார். அதற்குள், 1991 தொடக்கத்தில், எழுதிக்கொண்டிருந்தவருக்கே மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. யாருக்காக யார் அழுவது என்று குழம்பிய அந்தக் கட்டுரையை அவ்வாண்டு மே மாதம் மேடையில் படித்தார். லிஞ்ச் அப்போது உயிரோடு இருந்தார்.