மூடியில் எழுதிய எண்

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தில் என் வீட்டில் பீர் செய்கிறேன் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னதும், "என்னப்பா, சாராயம் காய்ச்சுறியா?" என்று பெரியப்பா பதறிப்போனார். அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சாராயத்துக்குப் புளித்த பிறகு காய்ச்சி ஆவியை வடிப்பார்கள். பீருக்குப் புளிக்கும் முன்பே கொதிக்க வைப்பதோடு அடுப்பு வேலை முடிந்தது. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். பீருக்கு 1963 முதல் வீட்டில் செய்பவர் உரிமம் வாங்க வேண்டியதில்லை. விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டுச் சட்டம் இதற்கும் இடம் தராது, அங்கிருந்து கேட்பவர்கள் முயல வேண்டாம்.

போன வசந்தத்தில் தேன் பீர் போட்டேன். மால்ட் தூள் (முளைகட்டிய பார்லியின் சாற்றை உலர்த்தியது) 2 கிலோ, தேன் 1 கிலோ, எல்லாம் சேர்ந்து 20 லிட்டர். ஆல்கஹால் ஏறக்குறைய 5.5 விழுக்காடு வரும் என்பது கணக்கு.

வாங்கிய தேன் வாளியில் 1.36 கிலோ இருந்தது. மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் கவிழ்த்தேன். ஒரு மணி நேரக் கொதியில் தண்ணீர் வற்றி 18 லிட்டர்தான் தேறியது. அதையும் நிரப்பாமல் விட்டேன்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மால்ட்டின் சர்க்கரையில், புளிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் ஏறக்குறைய கால் பங்கை விட்டுவைக்கும், பீருக்குக் கனம் தருவது அந்த மிச்சம்தான். தேனில் அது அநேகமாக எதையும் விடாது. தேன் பீர் என்றால் தித்திக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தித்திப்பு முழுக்க ஆல்கஹாலாகிவிடும், மணம் மட்டும் லேசாக நிற்கும். அதனால் குடிப்பவர் நாக்குக்கு அதன் வீரியம் பிடிபடாது.

அதை அளக்க ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடி மிதவை இருக்கிறது. திரவத்தில் சர்க்கரை கூடினால் மிதவை உயர்ந்து நிற்கும். வெறும் தண்ணீருக்கு 1.000 காட்டும், எனக்கு வர வேண்டியது 1.052. மிதவை 1.054 காட்டியது. சரியாகத்தான் இருக்கிறது என்று நோட்டில் குறித்து, ஆறவிட்டு ஈஸ்ட்டைத் தூவினேன்.

சில வாரங்களில் அளவு 1.008-க்கு இறங்கியது. மூன்று நாள் இடைவெளி விட்டுப் பார்த்தும் அதே எண். இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும் நேயர்களே. தேன் மெதுவாகப் புளிக்கும். முடியும் முன் அடைத்தால் பாட்டில் வெடித்துக் கண்ணாடிச் சில் முகத்தில் பாயும். தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்களே, அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். பாட்டிலில் கிடந்து என் பீரும் பொன்னிறமாகத் தெளிந்திருந்தது.

கோடையில் ஒரு மாலை நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் அரை லிட்டர் பாட்டில் இரண்டு குடித்தார். பேச்சு கொஞ்சம் உரத்தது, முகம் சிவந்தது. கார் சாவியை எடுத்தபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே போய் நோட்டைத் திறந்தேன். ஆல்கஹால் விழுக்காடு தெரியத் தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்க வேண்டும். 6 வந்தது. அப்போதுதான் ஓரத்தில் என் கையெழுத்தில் "45 டிகிரி" என்றிருந்ததைப் பார்த்தேன். அந்த மிதவை 20 டிகிரிக்கென்று செய்தது. சூட்டில் திரவம் விரிந்து லேசாகும், மிதவையும் குறைத்துக் காட்டும். திருத்திப் போட்டால் தொடக்கம் 1.063. விடை 7.2.

பிரிட்டனில் 10 மில்லி தூய ஆல்கஹால் ஒரு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது மருத்துவ அறிவுரை. 5.5 யூனிட் என்று நம்பி அவர் 7.2 குடித்திருந்தார். ஐந்தரையே என்றாலும் வண்டி ஓட்டக்கூடாது, அதையும் நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். விருந்தாளி கையில் ஒன்றைக் கொடுப்பவருக்கு, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாவியை வாங்கி வைத்துக்கொண்டு டாக்ஸிக்குச் சொன்னேன். அவர் போன பிறகு மீதிப் பாட்டில்களின் மூடிகளில் கறுப்பு மையால் 7.2 என்று ஒவ்வொன்றாக எழுதினேன். மறுநாள் காரை எடுக்க வந்தவரிடம் அவற்றைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

வணக்கம்.