ஒராதூர்: எரிச்சவன் பென்ஷன் வாங்கின கதை

வணக்கம் மக்களே, காரைக்கால்ல இருந்து பேசுறேன், அரசலாத்துப் பாலம் தாண்டி வண்டிய ஓரமா போட்டுட்டு நிக்கிறேன், காத்து அடிக்குது, சத்தம் வந்தா பொறுத்துக்கங்க. இன்னைக்கு ஒராதூர். நம்ம நாகப்பட்டினம் பக்கம் ஒரத்தூர்னு ஒண்ணு இருக்கே, அது இல்ல. ஃபிரான்ஸ்ல இருக்குற ஒராதூர்-சூர்-க்லான், ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரன் ஊரோட எரிச்ச எடம். லிமோஜ்னு ஒரு டவுன், அதுலேருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல போகணும். மாமா வீட்டுக்குப் போயிருந்தப்ப அவரு தான் கார்ல கூட்டிட்டுப் போனாரு.

மாமா சொல்தா வீட்டுப் பிள்ளை. காரைக்கால்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம், மத்தவங்களுக்கு சொல்றேன், சொல்தான்னா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க, நேஷனாலிட்டி, பென்ஷன் எல்லாம் உண்டு. 1940ல பாரிஸ் ஜெர்மன்காரன் கைக்குப் போனப்ப பாண்டிச்சேரில கவர்னரா இருந்த போன்வேன், ஜெர்மன்காரன எதிர்த்து நின்ன பிரெஞ்சு ஜெனரல் டகோல் பக்கம் தான் நாங்கன்னு சொல்லிட்டாரு, காரைக்காலும் அதோட சேந்துக்கிச்சு. ஜூலை 14 கொண்டாடுறோமே, அதெல்லாம் சேத்து நமக்கும் அந்தப் போருக்கும் உறவுன்னா இவ்வளவு தான்னு இருந்தேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். 1944 ஜூன் 6 அன்னைக்கு நார்மண்டி கடற்கரையில நேச நாட்டுப் படைங்க எறங்கிடுது. தெக்க மோந்தோபான் பக்கம் இருந்த எஸ்எஸ் படை, அதாவது ஹிட்லரோட நாஜிப் படை ஒண்ணு, பேரு தாஸ் ரைஷ், அத வடக்க வரச் சொல்லி ஆர்டர். வர்ற வழியெல்லாம் தலைமறைவுப் போராளிங்க மறிக்கிறாங்க. அவங்களப் பிடிக்க முடியலன்னா கைக்கு ஆப்புடுறவன அடிக்கிறது, ஆக்கிரமிச்சு உக்காந்திருக்கிற எந்தப் பட்டாளமும் பண்ற வேலை தான். ஜூன் 9, துல்ங்கிற ஊர்ல 99 ஆம்பளைங்களப் புடிச்சு பால்கனியிலயும் லைட் கம்பத்துலயும் தூக்குல போட்டாங்க. மறுநாள் ஒராதூர்.

அன்னைக்கு சனிக்கிழமை. சின்ன ஊரு தான், ஆனா லிமோஜ்லேருந்து டிராம் வரும், ரேஷன் காலம்ல, டவுன்காரங்க சாப்பாட்டு சாமான் கிடைக்கும்னு அங்க வருவாங்க. ஸ்பெயின்லேருந்து வந்த அகதிங்க, லொரேன்லேருந்து ஜெர்மன்காரன் விரட்டிவிட்ட குடும்பங்க எல்லாம் அங்க தான் இருந்துச்சு. மதியம் ரெண்டு மணி வாக்குல நூத்தம்பது பேரு போல ஊரச் சுத்தி வளைச்சிட்டாங்க, டீக்மான்னு ஒருத்தன் தலைமை. அடையாள அட்டை செக் பண்ணணும், எல்லாரும் சந்தை மைதானத்துக்கு வாங்கன்னு தண்டோரா போட வச்சாங்க. ஆமா, நம்ம ஊரு மாதிரியே தண்டோரா, ஊர்க்காரரு ஒருத்தரு மேளம் தட்டிக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு. ஜனங்களும் வந்துட்டாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களையும் வாத்தியாருங்களோட வரிசையா கூட்டிட்டு வந்துட்டாங்க. பிணை ஆளு குடுன்னு கேட்டப்ப மேயரு என்னையும் என் பசங்களையும் எடுத்துக்கங்கன்னு சொல்லிருக்காரு.

ரோஜே கோத்ஃப்ரேன்னு ஒரு பையன், ஏழெட்டு வயசு, லொரேன்லேருந்து வந்த குடும்பம். ஜெர்மன்காரனப் பாத்தா ஓடிருன்னு அம்மா சொல்லி வச்சிருந்தாங்க, அதனால ஓடிட்டான். பள்ளிக்கூடத்துலேருந்து பொழச்ச பிள்ளை அவன் ஒருத்தன் தான்.

அப்பறம் ஆம்பளைங்கள ஆறு எடமா பிரிச்சாங்க, வைக்கோல் வைக்கிற கொட்டகை, கேரேஜ், அந்த மாதிரி. சிக்னல் வந்ததும் மெஷின் கன்ன கால்ப் பக்கமா தாழ்த்தி சுட்டாங்க. விழுந்தவங்க மேல வைக்கோல், விறகு போட்டு கொளுத்தினாங்க, உயிரு இருக்கா இல்லையான்னு கூட பாக்கல. லோதி கொட்டகைன்னு ஒண்ணுல பொணத்துக்கு அடியில கெடந்து அஞ்சு பேரு தப்பிச்சாங்க, அதுல ரொபேர் எப்ராஸ்ங்கிறவருக்கு அப்ப 18 வயசு. அவரோட அம்மாவும் ரெண்டு அக்கா தங்கச்சியும் சர்ச்சுல போயிட்டாங்க. 2023ல, 97 வயசுல தான் இறந்தாரு, அதுவரைக்கும் வந்தவங்ககிட்டயெல்லாம் அவரே நடந்து காட்டி சொல்லிட்டு இருந்தாரு.

சர்ச்சு. பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் அங்க அடைச்சாங்க, நாநூறு பேருக்கு மேல. ஒரு பெட்டியக் கொண்டாந்து உள்ள வச்சு திரிய பத்த வச்சாங்க, அது வெடிச்சு கரும்புகை, மூச்சு முட்டுது, கதவுப் பக்கம் ஓடினா சுடுறான். அப்பறம் வைக்கோல், விறகு, நெருப்பு. மார்கெரித் ரூஃபான்ஷ்னு ஒரு அம்மா, மெழுகுவத்தி ஏத்த வச்சிருந்த ஸ்டூல பீடத்துக்குப் பின்னாடி போட்டு ஏறி ஜன்னல் வழியா குதிச்சிட்டாங்க. ஆள் உயரத்துக்கு மேல இருக்கு அந்த ஜன்னல், நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்தேன். பின்னாடியே இன்னொரு பொண்ணு கைக்குழந்தையோட வந்துச்சு, ரெண்டையும் சுட்டுட்டாங்க. இந்த அம்மா மேல அஞ்சு குண்டு, தவழ்ந்து போய் பட்டாணி பாத்தி நடுவுல மண்ண மேல வாரிப் போட்டுக்கிட்டு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்திருக்காங்க. புருஷன், மகன், ரெண்டு மக, ஏழு மாசப் பேரன் எல்லாம் போச்சு. சர்ச்சுக்குள்ள போயி உயிரோட வெளிய வந்தது அவங்க ஒருத்தங்க தான்.

மொத்தம் 642ன்னு தான் ரொம்ப காலம் சொன்னாங்க. 2020ல தான் ஸ்பெயின்லேருந்து வந்த அகதிப் பாட்டி ஒருத்தங்க பேரு விட்டுப்போயிருந்தது தெரிஞ்சு 643 ஆச்சு. எழுபத்தஞ்சு வருஷம் கணக்குலயே இல்ல பாருங்க அந்தப் பாட்டி!

எதுக்கு இந்த ஊருன்னு கேட்டா, கேம்ப்ஃபேன்னு ஒரு எஸ்எஸ் ஆபீசரப் போராளிங்க கடத்திட்டாங்க, ஊர்ல ஆயுதம் ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு எஸ்எஸ் தரப்புல சொன்னாங்க. ஊருக்குள்ள எந்தச் சண்டையும் நடக்கல. இந்தக் காரணத்தையெல்லாம் ரொம்ப நேரம் ஆராய்ச்சி பண்றவங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது, ஏழு மாசக் குழந்தை என்ன ஆயுதத்த ஒளிச்சு வச்சிருக்கும்?

டகோல் வந்து பாத்துட்டு ஊர அப்படியே விட்ருங்கன்னு சொல்லிட்டாரு, பக்கத்துல புதுசா ஊரு கட்டிக்கிட்டாங்க. பழைய ஊர்ல டிராம் தண்டவாளம், கம்பி, துருப்பிடிச்ச கார், வீட்டுக்கு வீடு தையல் மிஷின். கூரை இல்ல, சுவரு இடிஞ்சு நிக்குது, உள்ள அந்த மிஷின் மட்டும் கெடக்கு. சர்ச்சு மணி உருகி ஒரு கட்டியா கெடக்கு. எனக்கு கேமராவ வெளிய எடுக்கவே தோணல, அதான் இந்த வீடியோல நான் மட்டும் பேசிட்டு இருக்கேன்.

ஆனா நான் இத எடுக்கக் காரணமே இதுக்கு அப்பறம் நடந்தது. 1953ல போர்தோவுல ராணுவக் கோர்ட்ல கேஸ். டீக்மான் 44லயே நார்மண்டில செத்துட்டான். கூண்டுல 21 பேரு, அதுல 14 பேரு ஜெர்மனி எல்லையோரம் இருக்குற அல்சாஸ்காரங்க, அதாவது பிரெஞ்சுக்காரங்க. ஒருத்தன் தானா சேந்தவன், மத்த 13 பேரும் ஜெர்மன்காரன் எங்கள வலுக்கட்டாயமா பட்டாளத்துல சேத்தான்னாங்க, அது உண்மையும் தான். தண்டனை குடுத்தாங்க. அல்சாஸ் பூரா கொதிச்சிருச்சு, உடனே பார்லிமெண்ட்ல பொதுமன்னிப்பு சட்டம் போட்டு ஒரு வார வாக்குலயே அந்த 13 பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாடு ஒண்ணா இருக்கணுமாம். ஒராதூர்காரங்க விடல. அரசாங்கம் குடுத்த விருதத் திருப்பிக் குடுத்தாங்க, மன்னிப்புக்கு ஓட்டுப் போட்ட 319 எம்பிங்க பேரையும் ஊரு வாசல்ல போர்டா எழுதி வச்சாங்க, வருஷக்கணக்கா அரசாங்க ஆளுங்கள அஞ்சலிக்கு கிட்ட சேக்கல. அந்த போர்டு மேட்டரக் கேட்டப்ப தான் எனக்கு அந்த ஊரப் புடிச்சுது.

டெல்டாக்காரன் இதக் கேட்டா வெண்மணிய நெனைக்காம இருக்க முடியாது. இங்கேருந்து பைக்ல ஒரு மணி நேரம் தான். அது போர் இல்ல, அந்நியப் படையும் இல்ல, கூலி கேட்ட சனங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரு குடிசைக்குள்ள 44 உயிரு, முக்காவாசி பொம்பளைங்க பிள்ளைங்க. 1973ல ஹைகோர்ட்டு மிராசுதாரங்கள விடுதலை பண்ணுச்சு, அவ்வளவு வசதியானவங்க நேர்ல நடந்து வந்து தீ வச்சிருப்பாங்கன்னு நம்புறதுக்கில்லைங்கிற மாதிரி எழுதி. அங்க கட்டாயப்படுத்தினாங்கன்னு மன்னிப்பு, இங்க நடந்து வர மாட்டாங்கன்னு விடுதலை.

தாஸ் ரைஷ் படைக்குத் தலைவன் லாமர்டிங், அவன ஜெர்மனி கடைசி வரைக்கும் ஃபிரான்ஸ் கைல குடுக்கல, கட்டட கான்ட்ராக்ட் தொழில் பண்ணிட்டு 1971ல செத்தான். ஹைன்ஸ் பார்த்னு இன்னொருத்தன் சம்பவ எடத்துலயே ஆபீசரா நின்னவன், கிழக்கு ஜெர்மனில 1983ல ஆயுள் தண்டனை வாங்கினான், 1997ல உடம்பு சரியில்ல, வயசாச்சுன்னு வெளிய விட்டாங்க. போர்ல காயம்பட்டவர்னு அவனுக்குப் பென்ஷன் வேற போயிட்டு இருந்துச்சு, விஷயம் வெளிய வந்து பெரிய ரகளையாகி சட்டத்தையே மாத்தி தான் நிறுத்தினாங்க. கார்ல வர்றப்ப மாமா இதச் சொல்லி சொல்லி திட்டிட்டே வந்தாரு, அவரு அப்பா இங்க பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் குடுக்க க்யூல நின்னவரு, அந்தக் கோவம் அவருக்கு.