ஆட்டத்துக்கு வாசித்தவர்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு வாசிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பந்திக்கு எழுந்து போகிறோம். மணமக்களோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று விசாரிக்கிறோம். பாட்டு நின்றால்தான் மேடைப் பக்கம் தலை திரும்பும். உலகம் முழுக்க நடனக் குழுக்களின் பிழைப்பு இதுதான். ஆடுகிறவருக்குத் தன் ஜோடி மீது கண். வாசிக்கிறவர் மீது யாருக்கும் கண் கிடையாது.

அப்படி ஒரு குழுவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நெதர்லாந்து நாட்டுக் குழு. பெயர் ராம்ப்ளர்ஸ். 1926இல் தொடங்கியது. தொடங்கியவர் தேயோ உடன் மாஸ்மன் என்ற பியானோக்காரர். பிறந்தது ஜாவாத் தீவில், சிரெபோன் என்ற துறைமுக ஊரில். ஜாவா அப்போது டச்சுக்காரர்களின் காலனி.

பழைய இசைத்தட்டு சேர்க்கும் பைத்தியம் எனக்கு நெடுநாளாக உண்டு. வீட்டில் அதைப் பற்றி என்ன பேச்சு என்பதை வானொலியில் சொல்ல வேண்டாம். ஜாஸ் கேட்கிற நண்பர்களிடம் ராம்ப்ளர்ஸ் தட்டை எடுத்துக் காட்டினால், "இது ஜாஸ் இல்ல சார், சும்மா ஆட்டத்துக்கு வாசிக்கிறது" என்பார்கள். அந்தச் "சும்மா"வைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்டத்துக்கு வாசிப்பது சும்மாவா?

ஒரு மாலை எப்படிப் போகும் என்று பாருங்கள். முதலில் ஃபாக்ஸ்டிராட். பிறகு வால்ட்ஸ். பிறகு டாங்கோ. அப்புறம் யாராவது ரும்பா வேண்டும் என்பார்கள். எல்லாம் ஜோடி நடன வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். அந்த வேகம் பாட்டின் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை இம்மியும் நகரக் கூடாது. பாட்டின் உருக்கத்தில் கொஞ்சம் இழுத்தால் தரையில் இருக்கிற அத்தனை ஜோடியும் தடுமாறும். கச்சேரியில் கலைஞர் இழுத்தால் அதை உணர்ச்சி பாவம் என்று புகழ்வோம். நடனக் கூடத்தில் இழுத்தால் அடுத்த வாரம் வேறு குழு வந்துவிடும்.

டாங்கோ வந்தால் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வயலினை எடுப்பார்கள். ராம்ப்ளர்ஸில் ஆந்த்ரே வான் டெர் அவுடெரா என்பவர் டெனர் சாக்ஸபோன், கிளாரினெட், வயலின் மூன்றும் வாசித்தார். மார்செல் தீலமன்ஸ் டிராம்போன் ஊதுவார். அதை இறக்கிவிட்டுப் பாடவும் செய்வார். டிரம்பெட் ஊதிய ஜாக் புல்டர்மன்தான் குழுவுக்குப் பாட்டு எழுதி, யாருக்கு எந்த ஸ்வரம் என்று பிரித்துக் கொடுத்தவர். ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று வேலை. இதைச் சும்மா என்கிறார்கள்.

ரும்பா என்றேன் அல்லவா? 1930இல் டான் அஸ்பியாசு என்ற கியூபாக்காரர் தன் ஹவானா குழுவோடு நியூயார்க்கில் ஒரு தட்டு பதிவு செய்தார். தெருவில் கடலை விற்பவனின் கூவலை வைத்துக் கட்டிய பாட்டு. அந்த ஒரு தட்டோடு ஐரோப்பாவுக்கும் ரும்பா ஜுரம் தொற்றிக்கொண்டது. நடனக் குழுக்காரர்கள் மராக்காஸ் என்கிற குலுக்கும் வாத்தியம் வாங்கினார்கள், கிளாவே என்கிற கட்டைகளை வாங்கினார்கள். அந்தக் கட்டைத் தாளத்தை எழுதிக் காட்ட இங்கே பலகை இல்லை. மேசையில் தட்டுகிறேன், கேளுங்கள். டக்... டக்... டக்... அப்புறம் டக், டக். முதலில் மூன்று, பிறகு இரண்டு. இந்த ஐந்து தட்டும் பாட்டு முடியும் வரை மாறாது. மற்ற எல்லாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஃபாக்ஸ்டிராட்டில் பழகிய கைக்கு இது எளிதில் வராது. ஆம்ஸ்டர்டாமில் இந்த வகை இசையை நன்றாக வாசித்தவர்களில் பலர் தென்னமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேசலாம்.

சரி, கோல்மன் ஹாக்கின்ஸ் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் என்னால் இந்த மைக்கை விட்டு எழுந்திருக்க முடியாது.

ஹாக்கின்ஸ் அமெரிக்கக் கறுப்பினத்தவர். டெனர் சாக்ஸபோனை ஜாஸின் தலைமை வாத்தியங்களில் ஒன்றாக்கியவர் அவர்தான். பத்தாண்டுக்கு மேல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் என்பவரின் ஜாஸ் குழுவில் இருந்துவிட்டு, 1934இல் ஒருநாள் லண்டனில் இருந்த ஜாக் ஹில்டன் என்ற குழுத் தலைவருக்குத் தந்தி அடித்தார். லண்டன் வர எனக்கு விருப்பம், அவ்வளவுதான் சேதி. மறுநாளே ஹில்டனிடமிருந்து வரச்சொல்லிப் பதில். புறப்பட்டுவிட்டார்.

1935 தொடக்கத்தில் ஹில்டன் குழுவுக்கு ஜெர்மனியில் நிகழ்ச்சிகள். அங்கே ஹிட்லர் ஆட்சி. கறுப்பர் ஒருவர் மேடையேற அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹில்டன் குழு ஜெர்மனிக்குப் போனது. ஹாக்கின்ஸ் நெதர்லாந்தில் தங்கினார். உலகத்தின் முதல்தரமான சாக்ஸபோன் கலைஞர், கையில் வேலை இல்லாமல், ராம்ப்ளர்ஸ் இருக்கிற ஊரில்! 1935 பிப்ரவரியில், ஹேக் நகரில், ராம்ப்ளர்ஸ் அவரோடு உட்கார்ந்து தட்டு பதிவு செய்தார்கள். ஆகஸ்டில் மறுபடியும், இந்தத் தடவை லாரன் என்ற ஓவியர்கள் வாழ்ந்த ஊரில், ஹாம்டார்ஃப் என்கிற கூடத்தில். 1937இலும் ஒருமுறை.

அந்தக் காலப் பதிவு எப்படி என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். வெட்டி ஒட்டுவது என்ற பேச்சே கிடையாது. இரண்டே முக்கால் நிமிஷத்தில் டிரம்பெட்காரர் ஓர் ஸ்வரம் பிசகினால் முதலிலிருந்து எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். இப்போது ஆகஸ்டில் பதிவான 'மெடிட்டேஷன்' என்ற மெதுவான பாட்டைக் கேளுங்கள். ஹாக்கின்ஸ் முன்னால் நின்று பட்டுப்போல ஊதுகிறார். பின்னால் ராம்ப்ளர்ஸ் நீண்ட ஸ்வரங்களை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மூச்சு எடுக்கிற இடம் அவர்களுக்குத் தெரிகிறது. அவர் தாளத்துக்குப் பின்னால் சரிந்தால் இவர்கள் சரிவதில்லை. இவர்கள் அசையாமல் நிற்பதால்தான் அவர் அப்படி மிதக்க முடிகிறது. ஆடுகிறவர்களுக்காக வருஷக்கணக்கில் வேகம் பிசகாமல் வாசித்த பழக்கம் அது! சும்மா ஆட்டத்துக்கு வாசித்தவர்கள் என்றால் இதுதான்.

1939இல் ஹாக்கின்ஸ் நியூயார்க் திரும்பி 'பாடி அண்ட் சோல்' பாட்டைப் பதிவு செய்தார். ஜாஸ் வரலாறு எழுதுகிற எல்லாரும் அந்தத் தட்டைக் கொண்டாடுவார்கள். அந்த மெதுநடையை அவர் ஐரோப்பாவில் எத்தனை இரவு யாரோடெல்லாம் வாசித்துப் பழகினார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இன்னொரு அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் பென்னி கார்ட்டரும் 1937இல் இவர்களோடு பதிவு செய்தார். அதற்குள் போக நேரமில்லை.

ராம்ப்ளர்ஸ் ஒவ்வொரு டச்சு வீட்டுக்குள்ளும் போனது வானொலி வழியாக. ஹில்வர்சம் என்பது நெதர்லாந்தின் வானொலி ஊர். அங்கே அப்போது கத்தோலிக்கருக்கு ஒரு நிலையம், புராட்டஸ்டன்டுக்கு ஒன்று, சோஷலிஸ்டுத் தொழிலாளர்களுக்கு ஒன்று என்று தனித்தனி. தொழிலாளர் நிலையத்தின் பெயர் வாரா. 1936 முதல் ராம்ப்ளர்ஸ் வாராவின் குழு. சம்பளமும் நிரந்தரம், கேட்கிறவர் கூட்டமும் நிரந்தரம்.

அதுவே பின்னால் சங்கடமும் ஆனது. 1940இல் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தது. யூதக் கலைஞர்களை இசைக் குழுக்களிலிருந்து வெளியேற்றினார்கள். 1942இல், நடன இசையில் கறுப்பர் பாணி, அதாவது ஜாஸ் சாயல், எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவே வந்தது. ஆங்கிலப் பெயர் ஆகாது. ராம்ப்ளர்ஸ் என்ற பெயர் போய், தேயோ உடன் மாஸ்மனும் அவரது நடனக் குழுவும் என்று ஆயிற்று. குழு தொடர்ந்து வாசித்தது, ஆக்கிரமிப்பாளர் கையில் இருந்த வானொலியிலும் வாசித்தது. போர் முடிந்ததும் அதற்குக் கணக்குக் கேட்டார்கள். கொஞ்ச காலம் வாசிக்கத் தடை. வாசித்தது சரியா? பிழைப்புக்கு வேறு வழி இருந்ததா? நான் இவர்களை இவ்வளவு ரசிக்கிறவன். ஆனாலும் அந்த வருஷங்களின் தட்டுகளைப் போடும்போது, பக்கத்து நாற்காலிகளிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவர்களின் நினைப்பு வராமல் இருப்பதில்லை. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தடை நீங்கி வாராவுக்குத் திரும்பினார்கள். 1964 வரை ஓடியது. அந்த ஆண்டு குழு கலைந்தது. மறு ஜனவரியில் மாஸ்மன் காலமானார். 1974இல் புல்டர்மனும் தீலமன்ஸும் மீண்டும் அதே பெயரில் குழுவை எழுப்பினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ரும்பா, டாங்கோ என்கிற லத்தீன் நடன இசைக்கென்று பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், ஹாக்கின்ஸ் சாப்பிட்டுவிட்டார். வேகமாகச் சொல்கிறேன். ரோட்டர்டாமில் பிறந்த ஆரி மாஸ்லண்ட். டிரம்ஸில் தொடங்கி அக்கார்டியனுக்கு வந்தவர். 1937இல் 'ஓலே குவாப்பா' என்ற டாங்கோவை இயற்றினார். 1939இல் மலாண்டோ என்ற பெயரில் சொந்தக் குழு. டாங்கோ பிறந்த அர்ஜென்டினாவின் ஆள் என்றே நினைப்பீர்கள், அசல் டச்சுக்காரர். ஜப்பானில் அவருக்கு அப்படி ஒரு கூட்டம்! 1964 முதல் அங்கே போய்ப் போய் வாசித்தார். 1980இல் அவர் மறைந்த பிறகு பேரன் நடத்தினார்.

ஒரு விரல்தான் மிச்சம். 'ஓலே குவாப்பா' இப்போது ஒலிக்கும். நாற்காலியைத் தள்ளிப் போட இடம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். வணக்கம்.