க்ளோ லூசே: லியொனார்டோவுக்கு முன்பே நின்ற வீடு

வணக்கம். பிரான்சின் அம்புவாஸ் ஊரில் இருக்கிறது க்ளோ லூசே என்கிற பழைய வீடு. பெயரைச் சொன்னதுமே உங்களில் சிலருக்கு லியொனார்டோ டா வின்சி நினைவுக்கு வந்திருப்பார். சரிதான். கடைசி மூன்று ஆண்டுகள் அவர் வாழ்ந்து, 1519 மே 2 அன்று கண்மூடியது அங்கேதான். ஆனால் அவர் குடிவந்தபோதே அந்த வீட்டுக்கு 45 வயது. இன்று நான் பேச வந்தது அந்த வீட்டைப் பற்றி.

கட்டியவர் எத்தியேன் லெ லூ. அரண்மனைச் சமையற்கட்டில் எடுபிடிப் பையனாக இருந்து, பதினோராம் லூயி மன்னரின் ஆலோசகராக உயர்ந்தவர் என்பார்கள். ஆண்டு 1471. இங்கிலாந்தோடு நடந்த நூற்றாண்டுப் போர் ஓய்ந்து இன்னும் 20 ஆண்டுகூட ஆகவில்லை. அதனால்தான் வீட்டில் காவல் கோபுரமும் இருக்கிறது, வெளிச்சத்துக்கு ஏங்கிய பெரிய ஜன்னல்களும் இருக்கின்றன. பயம் முழுதாகப் போகாத மனிதர், நிம்மதியாக வாழ ஆசைப்பட்டுக் கட்டிய வீடு அது. எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

சுவர் இளஞ்சிவப்புச் செங்கல். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் டூஃபோ என்கிற வெள்ளைச் சுண்ணாம்புக்கல். லுவார் ஆற்றங்கரைக் குன்றுகளில் கிடைப்பது. வெட்டும்போது ஈரமாக, உளிக்கு இணங்கி வரும்; காற்றுப் பட்டுக் காய்ந்தால் மேற்புறம் இறுகிவிடும். சிற்பிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கல் எடுத்த குகைகளையும் அந்த ஊர்க்காரர்கள் வீணாக்கவில்லை. வீடாகவும் திராட்சை மது வைக்கும் அறையாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

அப்புறம், அந்த எண்கோணக் கோபுரம். இரண்டு கட்டடப் பகுதிகள் சேரும் இடத்தில் நிற்கிறது, உள்ளே சுழல்படி. அன்றைய வீடுகளில் நடைகூடம் அரிது. ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போகவேண்டும். படிக்கட்டைக் கோபுரத்துக்குள் தள்ளிவிட்டால் யார் அறைக்குள்ளும் நுழையாமல் மாடி ஏறலாம், அறைகளின் இடமும் குறையாது. எவ்வளவு எளிய யோசனை!

1490-இல் எட்டாம் சார்லஸ் மன்னர் 3,500 பொற்காசு கொடுத்து இதை வாங்கினார். மனைவி ஆனுக்காக ஒரு சிறு தேவாலயம் சேர்த்தார். எட்டே ஆண்டுகளில், பக்கத்திலேயே இருக்கும் அம்புவாஸ் கோட்டையில், ஒரு தாழ்ந்த வாசல் நிலையில் தலை இடித்து இறந்துபோனார், வயது 27.

1516-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் அழைத்து லியொனார்டோ வந்தார், மோனா லிசாவையும் எடுத்துக்கொண்டு. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். 1855 முதல் வீடு ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1954-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நீங்கள் போனால், லியொனார்டோவின் படுக்கையறைக்கு ஓடும் முன் முற்றத்தில் சற்று நின்று அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள்.