யானைக்கு ஒட்டிய காது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1930களில் ஹாலிவுட்டில் வந்த சாகசப் படங்களை, அவற்றில் இருக்கும் இனவெறியையும் மீறி ரசிக்கலாமா, ஒதுக்கி வைப்பதே முறையா? இதுதான் கேள்வி. ரசிக்கலாம் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தோழி ஒரு வார்த்தை சொன்னார்: "ஒருவர் அவமானப்படும் காட்சியைப் பார்த்துக் கைதட்டினால், அவமானப்படுத்தியவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம் என்று அர்த்தம்." மனசைக் குத்துகிற வார்த்தை. அதைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களில் தப்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 1932இல் வந்த 'டார்ஜான் தி ஏப் மேன்' படத்தில் ஒரு மலைவிளிம்பில் பயணக் கூட்டம் ஊர்ந்து போகிறது. மூட்டை சுமக்கிற ஆப்பிரிக்கர் ஒருவர் கால் தவறி விழுந்து செத்துப் போகிறார். அவருக்குப் பெயர்கூட இல்லை. படம் அவருக்காக நிற்பதும் இல்லை. அப்புறம் காட்டுக் குள்ளர்கள் என்று ஒரு கூட்டம் வருகிறது. அத்தனை பேரும் மேலெல்லாம் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர்கள். அதே வருடம் வந்த ஃபூ மான்சு படத்தில் போரிஸ் கார்லாஃப் என்ற ஆங்கிலேயருக்குச் சீனக்காரர் வேஷம் போட்டு, உலகத்தின் கொடூரம் முழுவதையும் அந்த முகத்தில் ஏற்றினார்கள். இந்தியர்களை இழிவாகக் காட்டியதால், 1939இல் வந்த 'கங்கா தின்' படத்தை வங்காளத்திலும் பம்பாயிலும் தடை செய்தார்கள். அந்தக் கோபத்தில் ஒரு துளியைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே டார்ஜான் படத்தில் வரும் யானைகளைக் கொஞ்சம் பாருங்கள். ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரியது, முறம் போல விரிந்திருக்கும். படக்காரர்களிடம் இருந்ததோ நம் நாட்டு இன யானை. என்ன செய்தார்கள்? காதுக்கு மேல் பொய்க்காது ஒன்றைச் செய்து மாட்டிவிட்டார்கள்! நம் யானையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தப்புமா? மேடு தட்டிய நெற்றி, ஏறி வளைந்த முதுகு, அதில் ஒட்டாமல் தொங்கும் பெரிய காது. நடிகர்களுக்குப் பின்னால் தெரியும் காடுகூட அந்தப் படத்துக்கென்று போய் எடுத்தது இல்லை. முந்தைய வருடம் வந்த 'டிரேடர் ஹார்ன்' படத்துக்கு ஆப்பிரிக்காவில் எடுத்து மிச்சமிருந்த படச்சுருளைப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் ஸ்டுடியோவுக்குள் நடந்தார்கள்.

இதில்தான் என் வாதம் இருக்கிறது, நடுவர் அவர்களே. யானையின் காதே பொய் என்று பார்த்தவனிடம், அந்தக் காட்டில் வாழும் மனிதர்கள் மட்டும் நிஜம் என்று யார் சொல்லி நம்ப வைக்க முடியும்? காதைச் செய்த அதே பட்டறையில்தான் அந்தக் 'காட்டுமிராண்டி'யையும் செய்தார்கள். மிகையும் அட்டைப் பாறையும் உரத்த நடிப்புமாக, இந்தப் படங்கள் தங்கள் ஒட்டுவேலையை மறைக்கத் தெரியாதவை. நுணுக்கமாக, நிஜம் போலவே எடுத்துத் தருகிற இன்றைய பொய் எனக்கு இதைவிடப் பயத்தைத் தருகிறது.

சரி, எதை ரசிக்கிறாய் என்று கேட்பீர்கள். 1933இல் வந்த 'கிங் காங்'கைச் சொல்கிறேன். ஊரையே நடுங்க வைக்கும் அந்தக் குரங்கு உண்மையில் ஒன்றரை அடிப் பொம்மை. உலோக எலும்பு, மேலே முயல்தோல். வில்லிஸ் ஓ'பிரையனும் கூட இருந்தவர்களும் அதைத் துளி நகர்த்தி ஒரு படம், மறுபடி துளி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்தார்கள். ஒரு விநாடிக்கு 24 படம். காங்கின் மார்பையும் தோளையும் பாருங்கள், ரோமம் ஓயாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். காற்று இல்லை, கோபமும் இல்லை. ஒவ்வொரு முறை பொம்மையைத் தொட்டபோதும் விரல் பதிந்து ரோமம் கலைந்த தடம் அது. அந்தச் சிலிர்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். 90 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் விரல் அங்கே இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. அதற்குத்தான் கைதட்டுகிறேன்.

அதே படத்தில் தீவு மக்களின் தலைவராக, இறகும் சாயமுமாக ஒருவர் வருகிறார். எதிரணியினர் வெட்கக்கேடு என்று சுட்டிய காட்சி அதுதான். அவர் யார்? நோபிள் ஜான்சன் என்ற கறுப்பின நடிகர். 1916இல் தம்பியோடும் நண்பர்களோடும் சேர்ந்து 'லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி'யைத் தொடங்கியவர். கறுப்பின மக்களை மரியாதையோடு காட்ட, கறுப்பின மக்களே நடத்திய முதல் படக் கம்பெனிகளில் ஒன்று அது. மற்ற இடங்களில் நடித்துச் சம்பாதித்த பணத்தை அதில் போட்டார். சில வருடங்களில் கம்பெனி மூடப்பட்டது. அவர் நடித்துக்கொண்டே இருந்தார். காங்குக்கு முந்தைய வருடம், அதே காட்டு செட்டில் எடுத்த இன்னொரு படத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு ரஷ்யக் கோசாக் வீரனாக வருகிறார்! படத்தை ஒதுக்குங்கள் என்கிறீர்களே, அதோடு இவரையும் சேர்த்து அல்லவா ஒதுக்குகிறீர்கள்? எடுத்தவர்கள் அவரை ஒருமுறை மறைத்தார்கள். நாமும் ஒருமுறை மறைக்க வேண்டுமா?

கத்தரி போட்டால் சரியாகிவிடும் என்றும் ஒரு கருத்து வந்தது. 'கிங் காங்'கை 1938இல் மறுபடி வெளியிட்டபோது கத்தரி போடத்தான் செய்தார்கள். காங் ஆட்களைக் கடிப்பதையும் கதாநாயகியின் உடையை உரிப்பதையும் வெட்டினார்கள். தீவுத் தலைவரின் வேஷம் அப்படியே நின்றது.

'கங்கா தின்'னுக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் பாறைகளை இந்தியா என்று காட்டிய படம். இந்தியர்களை வெறியர்களாகவோ வேலைக்காரர்களாகவோ மட்டும் பார்த்த படம். வில்லனான குருவாக நடித்தவர் இத்தாலியில் பிறந்த எட்வார்டோ சியானெல்லி. கடைசியில் அந்தக் குரு ஆங்கிலச் சிப்பாய்களைப் பார்த்துப் பேசுகிறார்: நீங்கள் உங்கள் நாட்டுக்காகச் சாகச் சத்தியம் செய்தவர்கள், இந்தியா என் நாடு, என் நம்பிக்கை, நானும் உங்களைப் போலவே சாவேன் என்கிற பொருளில் சொல்லிவிட்டு, பாம்புக் குழிக்குள் குதிக்கிறார். பேரரசின் புகழ் பாட எடுத்த படம், அந்த ஒரு நிமிடம் கைநழுவிப் போகிறது. யாரை வெறுக்கச் சொன்னார்களோ அவருக்காக எனக்குத் தொண்டை அடைத்தது. ஒதுக்கி வைத்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்குமா?

தோழியின் வார்த்தைக்கு என் பதில் இதுதான்: பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நான் ரசிப்பேன். அந்தக் காட்சி சுடுகிற ஒருவர் என்னோடு இருந்து, "போதும், நிறுத்து" என்றால், மறுபேச்சில்லாமல் நிறுத்துவேன். என் ரசனைக்காக அவர் வலியை விழுங்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்டார்கள். போன கோடை விடுமுறையில் அக்கா மகளோடு 'கிங் காங்' பார்த்தேன். பதினொரு வயது. தீவுக் காட்சி வந்ததும், "சித்தி, இவங்கள ஏன் இப்படிக் காட்டுறாங்க?" என்றாள். படத்தை நிறுத்தினேன். அரை மணி நேரம் பேசினோம். அடிமை வணிகம், சாயம் பூசிய முகங்கள், நோபிள் ஜான்சன் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு மீதிப் படத்தைப் பார்த்தாள். கோபுரத்தின் உச்சியிலிருந்து காங் விழுந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, அந்தத் தலைவரா நடிச்சவர் கம்பெனி ஆரம்பிச்சாருன்னு சொன்னீங்களே, அவர் எடுத்த படம் இருக்கா? அதைப் போடுங்க."

நன்றி, வணக்கம்.