அருகில் இருப்பவரின் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதையில் பேருந்தில் ஏறிப்போன அனைவருக்கும், முன் இருக்கைக் கம்பியைக் கை தானாக இறுகப் பற்றிக்கொள்ளும் கணம் தெரிந்திருக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாததால், ஓட்டுநர் ஹார்ன் அடித்து, வேகத்தைக் குறைத்துத் திருப்புவார். தார்ச்சாலை ராலி என்னும் கார்ப் பந்தயத்தில் போட்டியிடுபவரும் அப்பால் இருப்பதைப் பார்ப்பதில்லை. ஆனாலும் வேகம் குறையாமல் நுழைகிறார். அருகில் அமர்ந்திருக்கும் வழிகாட்டி அந்த வளைவை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் காரணம். ஓட்டுநரைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இந்த வழிகாட்டியின் கட்சி.

1911-இல் தொடங்கிய மாண்டி கார்லோ ராலியையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலை. அங்குள்ள டுரினி கணவாய் 1,607 மீட்டர் உயரம். அடிவாரத்தில் தார் உலர்ந்து கிடக்கும்; மேலே, வெயில் எட்டாத ஒரு பாறை நிழலில், கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிப் படலம் காத்திருக்கும். போட்டிக்கு முன் ஒவ்வொரு பாதையிலும் இருமுறை மெதுவாகச் சென்று பார்க்க அனுமதி உண்டு. அப்போது ஓட்டுநர் சொல்லச் சொல்ல வழிகாட்டி எழுதுகிறார்: இடம் நான்கு, நூறு மீட்டர், வலம் இரண்டு, உள்ளோரத்தை மிதிக்காதே. எண் சிறியதானால் வளைவு கடுமையானது என்பது பலரும் கைக்கொள்ளும் வழக்கம்.

ஆனால் பனி நேற்றிருந்த இடத்தில் இன்று இருப்பதில்லை. எனவே பாதையில் போட்டி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னதாக, ஒவ்வொரு அணியும் தன் ஆள்களை அனுப்பிப் பார்க்கச் செய்கிறது. அவர்கள் கொண்டுவரும் செய்தியை வழிகாட்டி தம் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகும் சாலை மாறலாம். 2005-இல் டுரினியில் பார்வையாளர்கள் சாலையில் பனியை வாரி இறைத்தனர். பெட்டர் சோல்பெர்க், மார்கஸ் கிரோன்ஹோல்ம் என்னும் இரு உலக வீரர்களும் அங்கே சறுக்கி மோதினர். ஏட்டில் இல்லாத பனி!

ஒரு சிறிய பொழுதுபோக்கு ராலியில் நானும் வழிகாட்டியாக அமர்ந்ததுண்டு. கையுறை தடித்ததாகையால் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். "வலம் ஐந்து" என்று நான் உரக்கச் சொன்னபோது எதிரே வந்தது இடப்பக்கக் கொண்டை ஊசி. ஓட்டுநர் என்னை நம்பாமல் தம் கண்ணை நம்பியதால் தப்பினோம்; வண்டி குறுக்கே நின்றது, எஞ்சின் அணைந்தது. அவர் திட்டவில்லை. "ஏட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்?" என்று மட்டும் கேட்டார். விரலை எச்சில் தொட்டு, தாளைத் திரும்பப் புரட்டிக் கண்டுபிடித்துச் சொன்னேன். அன்றிலிருந்து என் ஏட்டின் ஒவ்வொரு தாளின் மூலையையும் மடித்தே வைக்கிறேன், கையுறையும் அணிவதில்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்லிவிடுகிறேன், பொறுத்தருளுங்கள்.

டயர்களைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வந்தேன். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்கள் காட்டப்படுகின்றன: இன்னும் இரண்டே நிமிடம். உலர்ந்த தாருக்கு ஒரு டயர், பனிக்கட்டிக்கு ஆணி பதித்த டயர். ஒரே பாதையில் இரண்டும் இருந்தால் எதை மாட்டினாலும் ஓரிடத்தில் நட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் ஒரு செய்தி: 2022-இல் இதே ராலியை செபாஸ்டியன் லோப் தம் 47-ஆம் வயதில் வென்றபோது, அருகில் அமர்ந்து ஏட்டை வாசித்தவர் இசபெல் கால்மிஷ். அவர் ஒரு கணித ஆசிரியை.

வணக்கம்.